இடப்பக்க இருக்கை

ஈப்போ,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள முத்தம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமென்று உன் வாயால் கேட்க ஆசை. அது கிடைக்காததால்தான் எழுதுகிறேன். கூரியரில் போட்டால் ஆஸ்திரேலியாவானாலும் பெர்த்துக்குச் சீக்கிரம் வந்துவிடுமாம். மகளே கலா, நீ பிரித்தாலும் பரவாயில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு.

முதலில் ஒரு செய்தி. பயப்படாதே. வெள்ளிக்கிழமை மாலை நம் காரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டார்கள். எனக்குக் காயமில்லை. பின் பம்பரும் ஒரு விளக்கும் உடைந்தன, அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட்டில் தங்கச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய ரப்பர்த் தோட்டத்து வளைவில், நம் முனியாண்டி கோயில் பக்கம். அங்கே நான் ஒருமுறை ஹாரன் அடித்து நிறுத்துவதும், நீ கண்ணாடியை இறக்கிக் கும்பிடுவதும் எப்போதும் நடப்பதுதானே. அன்றும் ஹாரன் அடித்தேன். நிறுத்தினேன். உன் பக்கத்துக் கண்ணாடியைக்கூட இறக்கினேன். நீ கும்பிட்டு முடிக்கிற நேரம் வரை காத்திருந்தேன். பழக்க தோஷம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அப்போதுதான் இடித்தது.

இடித்தவர் பெயர் தனேஷ். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, நல்ல மனிதர். இறங்கி ஓடி வந்தவர் என்னிடம் வரவில்லை. நேராக இடப்பக்கத்துக்குப் போய் உள்ளே குனிந்து பார்த்தார். பிறகுதான் என் பக்கம் வந்து, “ஆண்டி எங்க அங்கிள்? கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்களே. அவங்களப் பாத்துக்கிட்டே வந்து இடிச்சிட்டேன்லா” என்றார். நான் தனியாகத்தான் வந்தேன் என்றேன். அவர் வாதாடவில்லை. கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

போலீஸ் நிலையத்திலும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். அங்கேதான் சிக்கல். காப்புறுதி நிறுவனத்திலிருந்து சேதத்தைப் பார்க்க வந்த புஷ்பலதா என்ற பெண், வண்டியில் இன்னொருவர் இருந்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் இழப்பீட்டுக் கோரிக்கை அப்படியே நின்றுவிடுமாம். “இருந்தாங்கன்னா பேரும் ஐ.சி. கார்டு நம்பரும் குடுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதி சைன் பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணுதானே அங்கிள்” என்றார். பொறுமையான பெண். எனக்கு நினைவு தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார். அப்படியும் இருக்கலாம்.

ஏனென்றால், வண்டியைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஐயாவு உன் இருக்கையில் உட்காரப் போய் முட்டியை இடித்துக்கொண்டார். “இதுல யாருண்ணே உக்கார்றது, சின்னப் பிள்ளையா? இவ்வளவு முன்னுக்கு இழுத்து வச்சிருக்கு” என்று சிரித்தார். கால் எட்டவில்லை என்று நீ இழுத்து வைப்பது போலவே இருந்தது. ஆனால் உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று, அரிசி மூட்டை வைப்பதற்காக நானே அதைக் கடைசி வரை பின்னால் தள்ளினேன். இல்லை, மறுபடி நானே முன்னால் இழுத்தேனோ என்னவோ. இந்த வயதில் எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வண்டியை வேறு யாரும் எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

உன் கறிவேப்பிலைச் செடிக்குத் தவறாமல் தண்ணீர் விடுகிறேன்.

வியாழக்கிழமை வரை நீ தினமும் போன் செய்தாய். வெள்ளிக்கிழமையிலிருந்து கலாதான் பேசுகிறாள். லேசான காய்ச்சல், அம்மா தூங்குகிறார் என்கிறாள். அங்கும் இங்கும் ஒரே நேரம்தானே, முத்தம்மா. காலை பத்து மணிக்கும் தூங்குகிறாய் என்கிறாள். விடிந்த பிறகு நீ படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை. நேற்று, போனை உன் மூக்கருகே பிடி, மூச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்றேன். பிள்ளை அழுகிறான், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். எனக்குப் பிள்ளை அழும் சத்தம் கேட்கவில்லை.

புஷ்பலதா கொடுத்த தாள் மேசைமேல் இருக்கிறது. என் பெயர், வண்டி எண், இடம் எல்லாம் எழுதிவிட்டேன். ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. யாரும் இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்தச் சொற்களை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட இப்போது தைரியம் வரவில்லை. மாதக் கடைசி வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் நீ ஒரு வரி எழுது. உன் கோணல் எழுத்தில் உன் பெயரை மட்டும் எழுதினாலும் போதும். உடனே ‘யாரும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

பேரனுக்கு என் ஆசிகள். கலாவை நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்.

வண்டி அடுத்த வாரம் கிடைக்கும். இருக்கையை நகர்த்த வேண்டாம் என்று ஐயாவுவிடம் சொல்லியிருக்கிறேன். நீ எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் அழைத்துப்போக வருவேன். முனியாண்டி கோயிலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்துகிறேன்.

வருவதானால் விமானத்திலேயே வா, முத்தம்மா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பத்துமலை