பத்தொன்பதாம் பக்கம்

ஜனவரி 27, திங்கள்

நோட்டு அட்டை அச்சடிக்க ஏப்ரல் வரை வரிசை நிற்கிறது. அதற்கு நடுவில் நான் போடுகிற இந்தப் படக்கதைப் புத்தகம். யானைக்கவுனி அச்சகத்தில் தேசப்பன் கறாராகச் சொல்லிவிட்டான்: "பதினாறு பதினாறு பக்கமா ரெண்டு ஃபாரம், அவ்ளோதான் அண்ணாச்சி. அதுக்கு மேல ஒரு பக்கம் வந்தாலும் எங்கிட்ட மெஷின் கெடையாது." ஜானட் வரைந்து கொடுத்த கதையே முப்பத்திரண்டு பக்கம் இருக்கிறது. என் நோட்டு விளம்பரத்துக்கு ஒரு பக்கம் வேண்டும். பின்னட்டையை மணலி புதுநகர் டியூஷன் சென்டருக்குக் கொடுத்தாகிவிட்டது.

உட்கார்ந்து புரட்டினேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு வசனம்கூட இல்லை. கோயிலில் சாமியார் நிற்கிறார், கையில் ஒரு கவர். மேலே, நடுவே, கீழே — மூன்றும் ஒரே படம். பெண் அவசரத்தில் நகல் எடுத்து ஒட்டியிருப்பாள். அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் விளம்பரத்தைப் போடச் சொல்லித் தேசப்பனுக்குப் போனில் குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். ஜானட்டிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 1, சனி

புத்தகம் வந்து இறங்கியது. 'கரைமேல் சாம்பல்'. எண்ணூர்ப் பக்கம் ஒரு கற்பனைக் குப்பம். நிலக்கரிக் கம்பெனி ஒன்று அந்த இடத்தைக் கேட்கிறது, ஜனம் கொடுக்க மறுக்கிறது. ஜானட்டுடைய ஆறாவது புத்தகம். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லியோனார்டின் மகள். சாயங்காலத்துக்குள் திருவொற்றியூர் வரை கடைகளுக்குப் போய்விட்டது. நோட்டு யாவாரிக்கு எதுக்குய்யா பொம்மைக்கதை என்று சிரித்தவனெல்லாம் கூட இரண்டு கட்டு கேட்கிறான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மகன் பெனிட்டோ போனை நீட்டினான். கடையின் இணையப் பக்கங்கள் எல்லாம் அவன் பொறுப்பு. யாரோ நம் புத்தகத்தின் பதினெட்டாம் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி ஆள் கவரை நீட்டுகிறான், பங்குச் சாமியார் வாங்குகிறார். அடுத்து என் விளம்பரம். அதற்கடுத்த பக்கத்தில் குப்பமே கோபமாகத் தெருவில் நிற்கிறது. பார்த்தால் சாமியாரை எதிர்த்து நிற்பதுபோல்தான் இருக்கிறது.

"ஃபாதர் கவர் வாங்குறார், அண்ணாச்சி நோட்டு விக்கிறார், ரெண்டு பேருக்கும் போணி ஆயிடுச்சு" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். சிரித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், சிரித்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கையில் ஒரு பிரதி இல்லை. மதுரையில் இருந்தெல்லாம் கேட்கிறார்கள்.

இணையத்தில் மூன்று கோஷ்டி. ராயபுரத்து ஆர்.சி. கோயில் பையன்கள் புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்கிறார்கள். இதற்கென்றே காத்திருந்த வேறு சிலர், பார்த்தீர்களா இவர்கள் சாமியார்கள் லட்சணத்தை என்று அந்தப் படத்தையே ஊரெல்லாம் பரப்புகிறார்கள். படக்கதை ரசிகர்கள் கலைச் சுதந்திரம் என்று இரண்டு பேரையும் திட்டுகிறார்கள். எவனும் புத்தகத்தை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. படிக்காமல் வாங்கினாலும் வாங்கினது வாங்கினதுதானே?

பிப்ரவரி 7, வெள்ளி

ஜானட் போன் செய்தாள். பள்ளிக்கூட வேலையில் இருந்தவள் இன்றுதான் அச்சான புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, பத்தொன்பதாவது பக்கம் எங்க?"

அச்சகத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதுதான் — லாரி லேட்டு, பைண்டிங் ஆள் வரவில்லை. "அந்தப் பக்கம் இல்லன்னா கதையே தலைகீழா மாறிடும் அண்ணாச்சி" என்றாள். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விட்டுப்போன பக்கத்தை ஜானட் தன் இணையக் கணக்கில் போட்டிருக்கிறாள்: அச்சகத்தின் தவறு, இதையும் சேர்த்துப் படியுங்கள் என்று. ஒருவனும் நம்பவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு ராத்திரியோடு ராத்திரியாக வரைந்தது என்கிறார்கள். எந்த அச்சகம், பெயரைச் சொல் என்கிறார்கள். அவள் போன் நம்பரை ஒரு நாய் எழுதிப் போட்டுவிட்டது. வருகிற செய்திகளைப் பெனிட்டோ படிக்க ஆரம்பித்தான். போதும்டா என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

லியோனார்ட் கடைக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"பொண்ண ஸ்கூலுக்கு வர வேணாம்னு சொல்ட்டானுங்க அண்ணாச்சி. கொஞ்ச நாள் லீவுல இருன்றான். எவ்ளோ நாளு? அது சொல்ல மாட்றான். வூட்ட வுட்டு வெளிய வர்றதில்ல, சோறு துன்றதில்ல. என்னையும் கோயில் பங்குப் பேரவைல இருந்து தூக்கணும்னு வர்ற இருபத்திமூணு மீட்டிங் போட்டுக்கீறானுங்க. இருபது வருசம் தேர் இழுத்தவன் நான்."

வருத்தமாக இருக்கிறது என்றேன்.

"அந்தப் பிரஸ்காரன் ஒருவாட்டி வந்து ஆமாய்யா என் தப்புதான்னு சொல்ட்டா போதும். உங்களுக்குப் பழக்கம்தான? கேட்டுப் பாருங்க அண்ணாச்சி."

கேட்கிறேன் என்றேன். அந்தப் பொய்யையும் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்று சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்தப் பத்தொன்பதாம் பக்கத்தின் நகலை ஞானபாக்கியம் எடுத்துப் பார்த்தாள். என் மனைவி புத்தகம் படிக்கிறவள் இல்லை. வேதாகமமும் பஞ்சாங்கம்போல் ஒரு சபைக் காலண்டரும்தான்.

"இது ஓலைல்லா?" என்றாள்.

எது ஓலை?

"என்னங்க கண்ணு இது? மூணு ஞாயித்துக்கெழம. பலிபீடத்துக்குப் பக்கத்துல பூவ பாருங்க, வாரா வாரம் மாறிருக்கு. மொத படத்துல பெஞ்சுல பாதி ஆளு. ரெண்டாவதுல நெறஞ்சிருக்கு. மூணாவதுல எல்லாரும் எந்திச்சு நிக்காவ. கம்பெனிக்காரன் குடுத்தத ஒளிக்காம கல்யாண ஓலை மாதிரி சபையில வச்சிக் காட்டுதாரு. தடை இருக்கவங்க சொல்லுங்கன்னு கேக்காரு. மூணாவது வாரம் எல்லாரும் தடை சொல்லுதாவ."

நான் மறுபடி பார்த்தேன். பூ மாறியிருக்கிறது. ஆட்கள் மாறியிருக்கிறார்கள். நகல் எடுத்து ஒட்டிய படம் என்று நினைத்தேனே! எனக்கும் இவளுக்கும் கல்யாணம் என்று சாயர்புரம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபோது, எவனாவது எழுந்து தடை சொல்லிவிடுவானோ என்று மூன்று வாரமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. எழுத்து இல்லை என்றதும் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

"பிரஸ்ல விட்டுட்டானோ?" என்று கேட்டாள். கையைக் கழுவப் போனேன். பின்னால் இருந்து சொன்னாள்: "நீங்கதான் எடுத்திருக்கீங்க."

பிப்ரவரி 13, வியாழன்

கடையில் மனம் நிற்கவில்லை. ஒரே ஆர்டரை இரண்டு தடவை எழுதினேன்.

பிப்ரவரி 15, சனி

யானைக்கவுனிக்குப் போனேன். அச்சகப் பெயரை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தேசப்பனுக்கும் வசவு வந்துகொண்டிருக்கிறது.

"இன்னா நைனா, எம்மேலயே எழுதிட்டியா? பத்தொம்பத தூக்குன்னு நீ பேசி அனுப்ச்சது எம் போன்ல அப்டியே கீது. போட்டுக் காட்டட்டா?"

காட்ட வேண்டாம் என்றேன்.

"காட்ட மாட்டேன். உன் பேப்பர்லதான் எம் மெஷின் ஓடுது. ஆனா ஒண்ணு, இத்தினி வருசத்துல எங்கிட்ட ஒரு பக்கம் தவறுனதில்ல. அது உனக்கே தெரியும்."

தெரியும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் என்ன ஆகும்? நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன். எடுத்தது ஆர்.சி. சாமியாரை நல்லவராகக் காட்டுகிற பக்கம். வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஜூனில் நோட்டு வாங்குகிற பள்ளிக்கூடங்களில் பாதி அவர்களுடையவை. இந்தக் கடையை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சைக்கிளில் நோட்டுக் கட்டு வைத்து மணலி வரை மிதித்துப் பிடித்தது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இங்கே என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? பக்கத்தைச் சேர்த்து மறுபதிப்புப் போட்டால் சண்டை அடங்கும். சண்டை அடங்கினால் எவன் வாங்குவான்? — இப்படியும் ஒரு நாள் யோசித்தேன். அந்தப் பெண் சாப்பிடாமல் கிடக்கிறபோது.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு அறிக்கை போட்டுடலாம்ப்பா, யார் பேரும் வேணாம்" என்கிறான் பெனிட்டோ. எழுதிப் பார்த்தோம். நன்றாகத்தான் வந்தது. படித்துவிட்டு அழிக்கச் சொன்னேன். அப்படி ஒன்று போட்டாலும் அவளை யார் நம்பப்போகிறார்கள்?

பிப்ரவரி 22, சனி

நாளை கூட்டம். போகலாமா? போகலாம். போய் என்ன சொல்வது?

பிப்ரவரி 23, ஞாயிறு

போனேன்.

அவர்கள் கோயிலில் பூசை முடிந்து பங்கு மன்றத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். லியோனார்ட் முன்வரிசையில். பக்கத்தில் ஜானட், பாதியாகிவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் இவன் எதற்கு வந்தான் என்று எல்லாத் தலையும் திரும்பியது. முப்பது வருஷம் கல்லாவில் பேசிப் பழகினவன், நேராக முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பக்கத்தை அச்சகம் தவறவிடவில்லை. நான்தான் எடுத்தேன். என் விளம்பரத்தைப் போடுவதற்காக எடுத்தேன். ஜானட் கேட்டபோது அச்சகத் தப்பு என்று பொய் சொன்னேன். அவள் மேல் ஒரு தவறும் இல்லை." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தேசப்பனுக்கு நான் அனுப்பியதை என் போனிலேயே போட்டுக் காட்டினேன். ஜனவரி இருபத்தேழு என்று தேதியும் இருந்தது.

முதலில் மீன் ஏலம் எடுக்கும் அடைக்கலமேரி எழுந்தார். "அப்பால இத்தினி நாளா வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த? அந்தப் பொண்ண ஊரே கலீஜா பேசுச்சே, கடைல குந்திகினு கேட்டுகினுதான இருந்த?"

"சி.எஸ்.ஐ.ல? அதான் வேலய காட்டிட்டான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது கெடக்கட்டும், நீ குந்து" என்று அவனை அடக்கிவிட்டு அடைக்கலமேரி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்துல அப்டி இன்னாதான்யா கீது? ஒரு எழுத்தும் இல்லயாமே. படிச்சிச் சொல்லு."

பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். சுவரில் பிடித்துக்கொண்டு சொன்னேன். முதல் ஞாயிறு, பாதிப் பேர், சாமியார் கவரைத் தூக்கிக் காட்டுகிறார். இரண்டாம் ஞாயிறு, கோயில் நிறைந்துவிட்டது, அதே கவர். மூன்றாவதைத் தொடங்குவதற்குள்—

"ஓலை!" என்றார் அடைக்கலமேரி. "யோவ், ஓலை வாசிக்கிறாருய்யா!"

"கம்பெனிக்கும் குப்பத்துக்கும் கண்ணாலமா?" என்று ஒருவன் கேட்க நாலு பேர் சிரித்தார்கள்.

"சிரிக்காதடா. மூணாவது வாரம் இன்னா ஆச்சு?" என்றார் அடைக்கலமேரி.

"எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்" என்றேன்.

அடைக்கலமேரி கிட்டே வந்து கண்ணைச் சுருக்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜானட்டிடம் போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஜானட் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

லியோனார்டைப் பேரவையிலிருந்து எடுக்கும் பேச்சு நின்றது. வாசலில் அவரிடம் ஏதோ சொல்லப் போனேன். "போங்க அண்ணாச்சி" என்றார். கோபமாக இல்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 26, புதன்

நான் பேசியதை யாரோ பிடித்துப் போட்டுவிட்டார்கள். இப்போது வசவெல்லாம் எனக்கு. ஜானட்டைத் திட்டிய அதே ஆட்கள், அதே வார்த்தைகள், பெயர் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியவர்களைப் பெனிட்டோ தேடிப் பார்த்தான். இரண்டு பேர்.

மூன்று பள்ளிக்கூடங்கள் இந்த வருஷம் நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. இரண்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் வேண்டாம் என்பதுதான்.

மார்ச் 6, வியாழன்

அந்தப் பக்கத்தைத் தனியாக அச்சடித்து, புத்தகம் போன கடைகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினேன். தேசப்பன் நோட்டு அட்டையை நிறுத்திவிட்டு ஓட்டிக் கொடுத்தான். "ஞாயித்துக்கெழம நீ பேசுனத கேட்டேன் நைனா" என்று மட்டும் சொன்னான்.

ஞானபாக்கியம் என்னிடம் இயல்பாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். புளி தீர்ந்துவிட்டதாம்.

மார்ச் 10, திங்கள்

ஜானட் இன்று பள்ளிக்கூடம் போனாளாம். பெனிட்டோ சொன்னான்.

ஏப்ரல் 9, புதன்

நண்பகலில் ஜானட் கடைக்கு வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வெயிலில் நடந்து வந்திருந்தாள், மோர் வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்றாள். புத்தகம் அடிக்கிற பேப்பர் வேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டினாள். தன் புத்தகத்தை இனித் தானே போடப்போகிறாளாம், அச்சு தேசப்பனிடம்தான். பில்லில் என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டேன். "ஜானட் லியோனார்ட், பதிப்பாளர்" என்றாள். அப்படியே எழுதினேன்.

ஆறு புத்தகத்தையும் முதலில் பார்த்தவன் நான். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "இந்தத் தடவை என்னம்மா கதை?"

பில்லை மடித்துப் பைக்குள் வைத்தாள். "புக்கு வந்ததும் கடைல வாங்கிப் பாருங்க அண்ணாச்சி."

சரிம்மா என்றேன். வண்டியில் நானே ஏற்றிவிட்டேன்.