நான் பாதியில் மூடிவைத்த பன்னிரண்டு ஆட்டங்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் உன் இடது முழங்காலும் சௌக்கியம்தானா? காலையில் மெசேஜ் போட்டிருந்தேனே, கூரியரில் கடிதம் வருகிறது, அதைப் படிக்காமல் சனிக்கிழமை பாஸ்கெட்பால் கோச்சைப் பார்க்கப் போகாதே என்று, அந்தக் கடிதம் இதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் உன் கையில் இருக்கும் என்று கூரியர் கடைப் பெண் சொல்லியிருக்கிறாள், நான் மூன்றாவது தடவை கேட்டதும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்களேன் சார் என்றாள். போனில் சொல்லியிருக்கலாம்தான், இந்த நாலு நாளில் இரண்டு தடவை பேசினோமே, ஆனால் நீ அப்பா என்று கூப்பிட்டதும் சாப்பிட்டியா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ கேட்டாய், கோச் எழுதறதை எங்ககிட்ட காட்டமாட்டாங்கப்பா, நீங்கதான் எல்லா ஆட்டத்தையும் நோட்டுல எழுதுறீங்களே, நான் முதல்லயே இறங்கினா நல்லா ஆடுறேனா, பெஞ்சுல உட்கார்ந்துட்டு நடுவுல இறங்கினா நல்லா ஆடுறேனா, உள்ளதைச் சொல்லுங்க என்று. நான் யோசிக்கவே இல்லை. நோட்டைப் பிரித்து, டிப்போவில் வண்டி நேரம் வாசிக்கிற குரலில் வாசித்தேன், முதலில் இறங்கிய பத்து ஆட்டத்தில் சராசரி ஒன்பது பாயிண்ட், நடுவில் இறங்கிய பன்னிரண்டில் வெறும் நாலு என்று. நீ உடனே, இது போதும்ப்பா, அடுத்த வாரம் சனிக்கிழமை கோச்கிட்ட நேராவே கேட்டுடறேன், முதல் அஞ்சு பேர்ல என்னை எடுக்கலைன்னா டீமை விட்டே போயிடறேன் என்றாய். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்த நாலு தப்பு குட்டிம்மா. நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. முதல் ஐந்து பேரில் நீ இல்லை என்று தெரிந்தால் டிவி முன்னாலிருந்து எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன், காயாத துணியைக்கூட எடுத்து மடிப்பேன், நீ இறங்கியதும் அம்மா கூப்பிட்டால் வந்து பார்ப்பேன், மறுபடி உன்னை உட்கார வைத்தார்களோ, நோட்டை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதுவரை என்ன பாயிண்டோ அதுதான் நோட்டில் ஏறியது. எந்த பஸ் எப்போது கிளம்பியது எப்போது திரும்பியது என்று இருபத்தாறு வருஷம் ஒரு நிமிஷம் பிசகாமல் எழுதிய டைம் கீப்பர், பெற்ற பெண்ணின் ஆட்டத்தைப் பாதியில் மூடியிருக்கிறேன். அன்றைக்கு நீ போனை வைத்ததும் அம்மா சமையலறைக் காலண்டரைக் கழற்றி வந்து என் முன்னால் போட்டாள், வந்த வேகத்தில் ஆணியும் கூடவே வந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் பாயிண்ட், பாஸ், பறிகொடுத்த பந்து எல்லாம் எழுதியிருக்கிறாள், கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்த்தவள் அவள்தான். நடுவில் இறங்கிய ஆட்டங்களில் உன் சராசரி பதினொன்று. முதலில் இறங்கினால் நாலு தடவை பந்தைப் பறிகொடுக்கிறாய், நடுவில் இறங்கினால் ஒரு தடவை. உன் கையால் பந்து வாங்கி மற்றவர்கள் போடுவதும் அப்போதுதான் இரண்டு மடங்கு, கார்ட் இடத்தில் ஆடுகிறவளுக்கு அதுதானே முக்கிய வேலை.

ஸ்கூலில் பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கிறவராயிற்றே என்று மாமாவிடம் இரண்டையும் காட்டினேன். இதை வெச்சும் முடிவு கட்டிடாதீங்க மச்சான், நடுவுல இறங்கறப்போ எதிர்ல களைச்சுப்போன ஆளுங்க நிப்பாங்க, ஆரம்பத்துல அவங்களோட பெரிய ஆளே நிப்பா, ரெண்டையும் ஒண்ணா எடை போட முடியாது என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா விடவில்லை. முதல்ல இறங்கற அன்னிக்கு அவ கேமராவைத் தேடி உங்களுக்குக் கை காட்டுறா, அப்புறம் யாருக்கும் கொடுக்காம எல்லாத்தையும் தானே போடப் பார்க்குறா, நடுவுல இறங்கற அன்னிக்குக் கை காட்ட நேரமில்ல, நேரா ஆட்டத்துக்குள்ள போயிடறா என்றாள். அதிலிருந்து எங்களுக்குள் சரியாகப் பேச்சில்லை. நேற்று தட்டை வைத்துக்கொண்டே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்றாள்.

நாலு நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பாய். என் மகள் முதல் ஐந்து பேரில் ஒருத்தி என்று டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான். நாங்கள் ஹாரன் என்று கூப்பிடும் டிரைவர், மக இப்போ உட்கார்ந்திருக்காமே சார் என்று கேட்டதற்கு, காலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று கூசாமல் புளுகினேன். பெஞ்சில் உட்காருவது உனக்கு அவமானம் என்று நினைத்திருந்தேன், இல்லை, எனக்குத்தான் அவமானமாக இருந்தது, அதை உன் தலையில் கட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பெஞ்சிலேயே இரு என்று சொல்ல இதை எழுதவில்லை. முதலில் இறங்கவேண்டும் என்று உனக்கே ஆசையிருந்தால் கேள், சண்டை போட்டாவது கேள். உன்னை ஏன் நடுவில் இறக்குகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேள், இத்தனை மாதத்தில் நாம் இரண்டு பேருமே அதைக் கேட்கவில்லை. எல்லாம் கேட்டபிறகும் போகத் தோன்றினால் போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன். அப்பா வாசித்த நாலை நம்பி மட்டும் போகாதே, அது நீ ஆடியது இல்லை, நான் பார்த்தது அவ்வளவுதான்.

எப்போது இறங்கினாலும் அடிபடாமல் ஆடு, நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, அம்மா இதை மட்டும் எழுதச் சொன்னாள், மற்றதெல்லாம் உங்க பாடு என்றுவிட்டாள். படித்ததும் போன் பண்ணு, திட்டுவதாயிருந்தால் முழுசாகத் திட்டிவிட்டு வை.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்,
அப்பா