இடது காதில் இன்னொரு சுருதி

நவ. 11, செவ்வாய்

ஜெர்மனியின் ஹம் நகரில் விடாத மழை. சனிக்கிழமை லைப்சிக் கச்சேரி. கோட்டோவை எடுத்துச் சுருதி சேர்க்க உட்கார்ந்தேன். இந்த ஜப்பானிய வாத்தியத்தில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே தனிக் குதிரை. அதை நகர்த்தித்தான் சுருதி. இடது காது அடைத்திருந்தது. ஒரே தந்தி, வலது காதில் ஒரு சுருதி, இடதில் சற்றுக் கீழே இன்னொன்று. வெங்காயம் வாங்க மறந்துபோனேன்.

12, புதன்

டெர்மின், அதாவது முன்பதிவு, இல்லாமலே காது டாக்டரிடம். திடீர்க் கேள்திறன் இழப்பாம். விழுங்கக் குளிசை தந்தார். திரும்பி வருமா? "பலருக்கு வரும். சிலருக்கு வராது." பெரிய சத்தம் கூடாது. எங்கள் ஜாஸ் குழுவிலோ டிரம்ஸ்.

போனில் அம்மா: "தண்ணி போயிருக்கும் பிள்ளை. பயப்பிடாதை." அவர் குரல்தான் பயந்திருந்தது.

13, வியாழன்

ஒத்திகை. டபுள் பாஸ் வாசிக்கும் மார்கஸிடம் மறைக்கப் பார்த்தேன். கொஞ்சம் வாசித்ததுமே நிறுத்தினான்.

"சுருதி கீழே போகிறது."

அழுதுகொண்டே காது விஷயத்தைச் சொன்னேன்.

"டிரம்ஸ் வேண்டாம். நாம் இருவர் மட்டும். உன் வலப்பக்கம் நிற்கிறேன்" என்றான்.

நிம்மதி இல்லை. இந்தக் காதை நம்பித்தானே கடை வேலையை விட்டேன்.

15, சனி

லைப்சிக். குளிர்ந்த தேவாலயம். எதிரொலி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பாதிக் கச்சேரியில் ஒரு குதிரை சரிந்தது. தந்தி தொய்ந்துவிட்டது. நிமிர்த்தினேன். எந்த இடத்தில் வைப்பது? முதுகெல்லாம் வியர்வை. மார்கஸ் விரலால் மீட்டுவதை விட்டு, பாஸின் வில்லை எடுத்தான். அந்தத் தந்தியின் சுரம் மட்டும். நீளமாக, விடாமல். இடது காதைத் தோளோடு அழுத்தி, குதிரையை மெல்ல மெல்ல நகர்த்தினேன். சேர்ந்தது. சபை இதையும் பாட்டென்றே நினைத்ததுபோல, ஒருவரும் அசையவில்லை.

பிறகு கழிவறையில் வாந்தி.

16, ஞாயிறு

வெயில். நாளை மறுபடி பரிசோதனை.

அம்மாவிடமிருந்து போன். "கச்சேரி எப்பிடிப் பிள்ளை, எல்லாருக்கும் வடிவாக் கேட்டுதோ?"

"ஓம் அம்மா."

போனை இடது காதுக்கு மாற்றினேன். சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் சன்னமாக. ஆனால் வலது காதில் கேட்ட அதே குரல். சுருதி இறங்கவில்லை.

"சரி, வைக்கிறன்."

"வையாதேங்கோ. ஏதாவது கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்க?"

"எதையெண்டாலும், அம்மா. நிப்பாட்டாமல் கதையுங்கோ."