பொருந்தாத ரேமும் நான் சொன்ன பொய்யும்

அண்ணா,

இன்று காலை, வேங்கிக்காலில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கேம் ஆட முதல்முறையாகத் பாகம் பாகமாகச் சேர்த்துத் தானே ஒரு கம்ப்யூட்டர் செய்யப்போவதாகச் சொல்லி, வாங்கிவந்த பெட்டிகளை மேசைமேல் அடுக்கினாள். போர்டின் உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக்கின் அந்த வாசனை வந்தது. "தோ வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். உன் சட்டையில் தெறித்திருந்த ரத்தம் கண்ணுக்குள் வந்தது. உன் ரத்தம் இல்லை. அந்தக் கடைக்காரருடையது.

உன்னைக் கோபக்காரன் என்று தெருவில் சொல்வார்கள். அது ரொம்பச் சின்ன வார்த்தை. அப்பா போன பிறகு நம் வீட்டில் உடையாத பொருள் குறைவு. கரண்ட் பில் கட்ட மறந்ததற்காக அம்மாவின் நெற்றியில் மிக்ஸி ஜாரால் அடித்தாய், மூன்று தையல். போனை எடுக்கவில்லை என்று என் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினாய், தோள் இறங்கிவிட்டது. கட்டு கட்டுகிறவரிடம் என்னை நீயேதான் தூக்கிக்கொண்டு ஓடினாய். வழியெல்லாம் அழுதாய். அடுத்த வாரம் தண்ணீர் கேன் இறக்குகிற இடத்தில் வண்டி நிறுத்தும் தகராறில் ஒருவனுடைய பல்லை உடைத்துவிட்டு வந்தாய்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து கேமிங் சென்டருக்கு நீ போகத் தொடங்கியபோதுதான் வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சுட்டுத்தள்ளிவிட்டு வருவாய். சாப்பிட்டுப் படுத்துவிடுவாய். "அங்க நாலு பேர சுட்டுட்டு வந்தா மண்ட லேசா ஆயிடுதுடி" என்றாய். அந்த சென்டரை மூடியதும் பழையபடி ஆனாய். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டாள்: "அந்த மிஷின நம்ம வூட்டுலயே வெச்சிட்டா இன்னாடி?"

பி.சி.ஏ. முடித்திருந்தேன். எனக்குத் தெரியாததா என்று இறங்கினேன்.

நாம் இருவரும் சண்டை இல்லாமல் பேசிக்கொண்டது அந்தப் பத்து நாள்தான். பிராசஸர் எந்த மதர்போர்டில் உட்காரும், கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் நுழையுமா, பவர் சப்ளை தாங்குமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ அளவு டேப் எடுத்துவந்து, கார்டின் நீளத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தாய். "பவர் சப்ளைனா இஞ்சின் மாதிரி, இல்ல? லோடு ஜாஸ்தி ஆனா மூச்சு வாங்கும்" என்றாய். சரியாகச் சொன்னாய். கையில் இருந்த பணத்துக்குள் முடிக்க, நினைவகமான ரேமை மட்டும் என்னோடு படித்தவளிடம் பழையதாக வாங்கினோம். அது டிடிஆர் நான்கு என்கிற பழைய வகை.

நான் தேர்ந்தெடுத்த போர்டு ஒரே பெயரில் இரண்டு வகையாக வந்தது. ஒன்று டிடிஆர் நான்குக்கு, மற்றொன்று ஐந்துக்கு. பெயரின் கடைசியில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். நான் அதைக் கவனிக்கவில்லை. கடைக்காரர் கவனித்தார். மெதுவாகப் பேசுகிற, நாற்பது வயதுக்காரர். "இது டிடிஆர் அஞ்சு போர்டும்மா. ரேம் வேற எடத்துல வாங்கறேன்றீங்களே, அதுவும் அஞ்சுதான?" என்று கேட்டார். நீ வெளியே வண்டியில் இருந்தாய். "தெரியும்ணா, பாத்துதான் வாங்கறேன்" என்றேன். அந்தக் குரலில் இருந்த திமிர் எனக்கு இன்னும் கேட்கிறது.

வீட்டில் ரேம் இறங்கவில்லை. அதன் வெட்டு ஓரிடத்தில், போர்டின் மேடு வேறிடத்தில். என் தவறு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். 'டக்'கென்று ஸ்லாட்டின் ஓரம் விரிந்தது. உன் நிழல் போர்டின் மேல் விழுந்தது.

"இன்னாச்சு?"

நீ என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தாய். தோள் வலித்தது, ஒன்றுமே நடக்காமல் வலித்தது.

"கடக்காரர் போர்ட மாத்திக் குடுத்துட்டாருண்ணா."

வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாய். கடையில் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டு இருந்தார்கள். நீ அவருடைய சட்டையைப் பிடித்துக் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்தாய். "நான் கேட்டேன் சார். தங்கச்சியவே கேளுங்க, கேட்டனா இல்லையானு" என்றார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"சொல்லுடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாய். இரும்பு ஸ்டூலைத் தூக்கினாய். அவர் முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினார். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. அடுத்த அடியில் கண்ணாடி நொறுங்கி, அவர் அதன்மேலேயே விழுந்தார். விழுந்தவரை மிதித்தாய். எத்தனை முறை என்று தெரியாது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பிழைத்த கை.

நீ ஜாமீனில் வந்து பன்னிரண்டாவது நாள். காலை பத்து மணி. செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் வாசலில் கேன் இறக்கிக்கொண்டிருந்தாய். டிபன் டப்பாவோடு எதிர்ப்பக்கம் ரோட்டைக் கடக்க நின்றேன். கடைக்காரருடைய மனைவியின் தம்பி பைக்கை விட்டு இறங்கி நடந்துவந்ததைப் பார்த்தேன். முகவரி கேட்க வருகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. வயிற்றில் கத்தியால் இரண்டு முறை குத்தினான். உன் தோளில் இருந்த கேன் ரோட்டில் விழுந்து வெடித்து, தண்ணீர் சிவப்பாக ஓடியது. நீ அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சரிந்தாய்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிரோடு இருந்தாய். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா மாத்திரை வாங்கக் கீழே போனபோது சொல்லிவிட்டேன். போர்டு, ரேம், அவர் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும்.

நீ கேட்டாய்: "ஏன்டி அப்பவே சொல்லல?"

"நீ அடிப்பனு."

ட்ரிப்ஸ் ஏறிய கையை மெல்லத் தூக்கினாய். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கை அப்படியே காற்றில் நின்றிருந்தது. நான் கண்ணை மூடியதை நீ பார்த்துவிட்டாய். உன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை.

"அடிச்சிருப்பேன்" என்றாய். கையை இறக்கிக்கொண்டு, "போய் அந்தக் கடக்காரருகிட்ட சொல்லு" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் காய்ச்சலில் உளறியதுதான்.

உன் காரியம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைச் சாத்தப் பார்த்தாள். அவர்தான் உள்ளே விடச் சொன்னார். முழுக்கக் கேட்டார். "நீ தலையக் குனிஞ்சப்பவே எனக்குத் தெரியும்மா. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? என் மச்சான் கொலகாரன் ஆயிட்டான். கோர்ட்ல சொல்லு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கொலை வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, "உங்கண்ணன் எதுக்கு அவரை அடிச்சான்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். முன் வரிசையில் அம்மா இருந்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. "நான் பொய் சொன்னேன், அதனால அடிச்சான்" என்றேன். உன்னைக் குத்தியவனுக்குத் தண்டனை கிடைத்தது. எனக்கான பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. வெளியே வந்ததும் அம்மா வராந்தாவிலேயே என் முடியைப் பிடித்து அறைந்தாள், கை ஓயும்வரை. ஆறு மாதம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. இப்போது பேசுகிறாள். உன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அண்ணா, உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது. மனம் உன்னைத் தேடவும் செய்கிறது. போன வாரம் ஒரு கஸ்டமருக்குத் தவறான பவர் சப்ளையை ஆர்டர் போட்டுவிட்டேன். முதலாளி பில்லோடு என் மேசைக்கு வந்து, மின்விசிறி ஸ்விட்சைப் போடக் கையை உயர்த்தினார். என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. கண்ணைத் திறக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டிருந்தது:

"என் தப்புதான் சார். நான்தான் மாத்திப் போட்டேன்."