மலையகத்துக்கான போஸ்டர்

வெள்ளைப்பாறைத் தோட்டம், மேல்பிரிவு,
டயகம வழி.
செப்டெம்பர் 17

அன்புள்ள தம்பி நிரஞ்சனுக்கு,

அக்கா ஜீவராணி எழுதுகிறேன். அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். அழைத்தால் நீ எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். மரக்கறி லொறியில் கொழும்புக்கு வரும் தனுஷனிடம், உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தால் நம் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்திலேயே இருக்கும் இராமையா மாமா காம்பராவின் பூட்டிய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு மலையே மேல் என்கிறார். முன்பள்ளியில் இந்த வருடம் பத்தொன்பது பிள்ளைகள். மழை விடாமல் பெய்கிறது.

ராசம்மா அத்தையின் கருமாதிக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ஒருமாதிரியாக இருந்தது.

போன சனிக்கிழமை வர்ணப் பென்சில் வாங்க அக்கரப்பத்தனைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே உங்கள் விளம்பரக் கம்பனி செய்த அந்தப் படத்தின் போஸ்டர். இரண்டு கடைகளை மறைக்கும் அகலம். பச்சை உடுப்புப் போட்ட அந்தப் பெண் வானத்தில் பறக்கிறாள். கீழே நம் அத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார். ‘மலையைத் தாங்க வந்தவள் நம்மவள்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வரி உன்னுடையது. அந்த விளம்பரப் படப்பிடிப்புக்கு முதல் நாள் நம் காம்பராவில் உட்கார்ந்து நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து, எது நல்லா இருக்கு என்று அத்தையிடமே கேட்டாய்.

அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டு எங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. ஃபோனில் ஒவ்வொரு போஸ்டராகக் காட்டினாய். படத்தில் ஐந்து வீரர்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் போஸ்டரில் கண்ணாடி போட்ட விஞ்ஞானி முன்னால் நின்றான். சிங்கள ஊர்களுக்கு அண்ணன், தம்பி இரண்டு பேர். கொழும்புக்கு ஐந்து பேரும். நமக்கு, தேயிலைத் தோட்டத்திலிருந்து லண்டனுக்குப் போன குடும்பத்தின் பேத்தியான அந்தப் பச்சை உடுப்புக்காரி. “ஒரே படந்தான்க்கா. ஆனா யாரா இருந்தாலும் தன்னோட மொகத்தத்தான் மொதல்ல தேடுவாங்க. அதக் காட்டிட்டா உள்ள வந்துருவாங்க” என்றாய். நம் ஆட்களுக்கு எதைக் காட்டுவாய் என்று அம்மா கேட்டார். நீ அத்தையைப் பார்த்துச் சிரித்தாய்.

விளம்பரத்துக்கு நிற்க அத்தைக்கு விருப்பமில்லை என்பதை நீ மறந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் துணி துவைக்க முடியும் என்றார். வாங்கத்தே, தம்பிக்காக என்று இழுத்துக்கொண்டு போனது நான். தலை சீவிப் பூ வைத்துவிட்டதும் நான். இதை உன்னிடம் சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை.

போஸ்டரைப் பார்த்த மறுநாள் ஹட்டனுக்குப் போய்ப் படத்தையும் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் உங்கள் விளம்பரம் வந்தது. அத்தை கூடையோடு நிமிர்ந்து, “அது எங்க புள்ளைங்க” என்கிறார். தியேட்டரே விசிலடித்தது. எனக்குப் பின்னால் ஒரு அம்மா விசும்பி அழுதார். உன் வேலையை நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய், தம்பி. பிறகு படம் ஓடியது. இரண்டரை மணி நேரத்தில் அந்தப் பெண் வந்தது பத்து நிமிடம் இருக்குமா என்று தெரியவில்லை. நீ விளம்பரத்தில் எழுதிய நம் பேச்சு ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. தேயிலை மலை ஒரு தடவை வந்தது, அதுவும் அவள் கண்ணை மூடி நினைக்கும்போது. வெளியே வரும்போது யாரும் கோபப்படவில்லை. நமக்கு இவ்வளவாவது காட்டினார்களே என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்.

படப்பிடிப்பு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை. நான் கண்டதை எழுதுகிறேன். எங்காவது பிசகியிருந்தால் நீ திருத்து.

இப்போது நாங்கள் கொழுந்தைச் சாக்கில்தான் போடுகிறோம். உங்கள் ஆட்கள் கொழும்பிலிருந்து பிரம்புக் கூடை கொண்டுவந்தார்கள். அது நழுவிக்கொண்டே இருந்ததால், அத்தையின் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். லயத்துக்கு மேலே புகை எழுந்தால் படம் உயிரோட்டமாக இருக்கும் என்று உங்கள் கம்பனியிலிருந்து பொறுப்பாக வந்த அந்த அம்மா சிங்களத்தில் சொன்னார். நீ தமிழில் சொன்னாய். இராமையா மாமா லயத்துக்குப் பின்னால் அடுப்புக் கூட்டிப் பச்சை இலையைப் போட்டார். காற்று கீழ்நோக்கி அடித்தது. புகை முழுவதும் ஆற்றுப் பக்கம் போனது. நாங்கள் நின்ற சவுக்கு மரப் பக்கம் கொஞ்சமும் வரவில்லை. அதனால்தானே புகை தெரியவில்லை என்று அந்த அம்மா முகம் சுளித்தார்?

சவுக்கு மரத்தில் குளவிக்கூடு இருப்பதைக் கங்காணி உன்னிடம் சொன்னார். “அந்த மரத்துக்கிட்ட அந்த ட்ரோன பறக்க விடாதீங்க தம்பி” என்றார். நீ அதைச் சிங்களத்தில் சொன்னாய், நானும் கேட்டேன். ஒரே ஒரு தடவை, ட்ரோன் கமரா மரத்துக்கு மேலிருந்து அத்தையின் முகத்துக்கு இறங்கி வர வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். நீ தலையாட்டினாய். ட்ரோன் கிளையில் தட்டியது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

குளவிகள் கலைந்து பாய்ந்ததும் நீ வேனுக்குள் ஓடினாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் கோயில் சுவருக்குப் பின்னால்தான் ஓடிப் பதுங்கினேன். மற்றப் பெண்கள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அத்தையால் கூடையைக் கழற்ற முடியவில்லை. அலறல் கேட்டு லயத்துக்குப் பின்னாலிருந்து கம்பளியோடு ஓடிவந்தது மாமா ஒருவர்தான். அத்தையின் மேல் கம்பளியைப் போட்டு, தானும் அதன் மேல் படுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அத்தை போய்விட்டார். மாமா ஒன்பது நாள் வார்டில் கிடந்தார். மனைவிக்குக் கொள்ளி வைக்கக்கூட அவரால் வர முடியவில்லை.

அந்த ஒன்பது நாளுக்குள் மரண விசாரணை முடிந்துவிட்டது. நான் சொன்னதை எழுதவில்லை. சுவருக்குப் பின்னால் நின்றவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். உங்கள் கம்பனி கொடுத்த கடதாசியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளி ஒருவர் மூட்டிய தீயின் புகையால் குளவி கலைந்தது என்று அதில் இருக்கிறது. ட்ரோன் அப்போது பறக்கவில்லை என்றும் இருக்கிறது. கீழே சாட்சியாக உன் பெயர், உன் கையெழுத்து.

அது மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தோம். ஆனால் மரணப் பதிவுக் காரியத்துக்காக அந்தக் கடதாசி அவர் கைக்கே வந்துவிட்டது. முன்பள்ளி முடிந்து வந்த என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மாற்றி வாசித்திருக்கலாம். எனக்கு அப்போது அந்தப் புத்தி வரவில்லை. வாசித்து முடித்ததும், இன்னொரு தடவை வாசி என்றார்.

நடந்ததை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். புகை ஆற்றுப் பக்கம் போனதைச் சொன்னேன். ட்ரோன் கிளையில் தட்டியதைச் சொன்னேன். “நீ என்னயத் தேத்துறதுக்குச் சொல்ற புள்ள. நெரஞ்சன் படிச்சவன். பக்கத்துலயே நின்னவன். அவன் ஏன் பொய்யி எழுதுறான்?” என்கிறார். அம்மா சொன்னாலும் இதே பதில். தன் கையாலேயே அவளைக் கொன்றுவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடதாசி வந்த நாளிலிருந்து அவர் அடுப்பு மூட்டவில்லை. நாங்கள் கொடுக்கும் சோற்றையும் ஆறிய பிறகுதான் தொடுகிறார். இந்தக் குளிரில் சுடுதண்ணீர்கூட வேண்டாம் என்கிறார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதில்லை. பகலெல்லாம் காம்பராவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

நேற்றுக் காலை கதவு திறந்து கிடந்தது. அம்மா கத்தியதில் லயமே கூடித் தேடியது. கடைசியில் அந்தச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். குளவி மறுபடியும் அங்கேயே கூடு கட்டியிருக்கிறது. சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். கையில் நாலைந்து கல். கங்காணியும் இன்னும் இரண்டு பேரும் சத்தமில்லாமல் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏன் மாமா என்று கேட்டேன். “அவ பட்டத நானும் பட்டாத்தான் சரி” என்றார்.

தம்பி, உன்னைப் பொலிசுக்குப் போகச் சொல்லி நான் எழுதவில்லை. விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்லவுமில்லை. அதெல்லாம் செய்ய வேண்டியவைதான், ஆனால் அதை நீயே நினைத்துக்கொள். அந்த வேலை போனால் உன் நிலைமை என்ன என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடும்போது உன்னை எப்படி உட்கார வைத்திருப்பார்கள் என்பதையும் என்னால் யோசிக்க முடிகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். நீ வந்து, மாமாவின் முன்னால் உட்கார்ந்து, உன் வாயால் சொல். உங்க நெருப்பு இல்ல மாமா என்று சொல். அவர் நம்புவது உன்னை மட்டும்தான். ஃபோனில் சொன்னால் நான் ஏற்பாடு செய்ததாக நினைப்பார். எழுதி அனுப்பினால், முதலில் எழுதியது பொய்யா இது பொய்யா என்று குழம்புவார். நீதான் வர வேண்டும். அவர் உன்னை அடிக்கலாம். ஒன்றும் பேசாமல் இருந்தும் விடலாம். அது எனக்குத் தெரியாது. உன்னைக் காப்பாற்றி அழைத்துப்போகிறேன் என்று பொய்யாக உறுதி கொடுக்க மாட்டேன்.

நேற்றிலிருந்து இரவில் அம்மாவும் நானும் மாறி மாறி அவர் வாசலில் படுக்கிறோம். பகலில் முன்பள்ளிக்கு வரச்சொல்லிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வைக்கிறேன். எவ்வளவு நாளைக்கு இப்படிச் செய்ய முடியும் என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் வா.

நானுஓயா வரை ரயிலில் வந்துவிடு. நான் ஸ்டேஷனில் நிற்பேன். லயத்து வாசல்களைத் தாண்டி நீ தனியாக நடந்து வர வேண்டியதில்லை. நான் கூட வருவேன். நம் கோயில் மாரியம்மா உன் வாய்க்குத் துணை நிற்கட்டும்.

உன் அக்கா,
ஜீவராணி