நீர்நாயின் கண்

1951 ஜனவரி 9, செவ்வாய்

நரி முடிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டப் பன்னிரண்டு காட்டு விலங்குப் படங்கள். எங்கள் ராயபுரம் கல்லச்சுக் கூடத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைத்த ஒரே பெரிய வேலை. முதலாளி அமீருதீன் சாயபு யானைக்கவுனியில் பழைய காகிதக் கடையொன்றில் ஒரு கட்டுச் சித்திரம் வாங்கி வந்திருக்கிறார். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எந்தத் துரையோ நம்மூர்ச் சித்திரக்காரர் ஒருவரை வைத்து எழுதி வாங்கியவை. துரையின் பெயர் பொன் எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் பெயரைக் காணோம். அவற்றைப் பார்த்து நான் கல்லில் இடம் வலமாக மாற்றி எழுத வேண்டும், அச்சில் நேராக விழுவதற்காக. இருபத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. அத்தனை கல்லில் ஒரு கோடாவது என்னுடையதா?

ஆனால் அந்த மனிதரின் கை! நரியின் கழுத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நிற்கிறது. செத்துப்போன ஒருவர்மேல் பொறாமைப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 15

அலுங்கு. உடம்பெல்லாம் செதில். எண்ணி எண்ணிக் கண்ணில் நீர் வடிகிறது.

ஜனவரி 22

பன்னிரண்டாவது சித்திரத்தை இன்றுதான் பிரித்தோம். கரையான் தின்றிருக்கிறது. ஒரு வாலும், கீழே ஆங்கிலத்தில் நீர்நாய் என்ற பெயரும் மிச்சம்.

“நீயே ஒண்ணு எழுதிடு சுப்புராயா. இருவதாந்தேதி பன்னெண்டும் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மேஜைல இருந்தாவணும். முடியலன்னா இப்பவே சொல்லு, யானைக்கவுனில ஆள் கீறான்” என்றார் சாயபு.

அந்த ஆள் வந்தால் என் ஸ்டூலில்தான் உட்காருவான். முடியும் என்று வாய் முந்திக்கொண்டது. எதையும் பார்க்காமல் ஒரு எலிக்குஞ்சுகூட எழுதியறியாத பயல் நான். ஐம்பத்திரண்டு வயதில் வீராப்பு.

ஜனவரி 24

மனைவி நீலாவிடம் காட்டலாம் என்று, இதுவரை இழுத்த புரூப் அச்சுகளைத் திருவொற்றியூர் வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பியிருந்தேன். மீன்காரி குப்பம்மா வாசலில் கூடையை இறக்கினாள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ரயிலில் வருபவள். எட்டிப் பார்த்தாள்.

“இன்னா நைனா, அல்லாம் செத்ததுங்களா கீது?”

எனக்குச் சுரீரென்றது. செத்ததா?

“பின்ன? இந்த நரிக் கண்ண பாரு. செத்து ரெண்டு நாளு ஆச்சு. நான் மீன் விக்கறவ, எனக்குத் தெரியாதா?”

சாயங்காலம் அச்சகத்தில் மூலச் சித்திரங்களைத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். கண்ணில் ஒளி இல்லை. பாதம் தரையில் ஊன்றவில்லை, தொங்குகிறது. தரையை அப்புறம் எழுதிக் காலடியில் சேர்த்திருக்கிறார்கள். துரை சுட்டுப் போட்டிருப்பார். இவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நாறுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று எழுதியிருப்பார். பாவம், அவருக்கும் ஒரு இருபதாம் தேதி.

குப்பம்மாவிடம் நீர்நாய் பற்றிக் கேட்டிருந்தேன். “அந்த சனியனா? எங்க வூட்டுக்காரரு வலைய கிழிச்சிகினே கீது. ஆப்புட்டா சொல்றேன்” என்றாள். உயிருள்ளதை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும். இந்தக் கண் கெடுவதற்குள். வேறொன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 1

நீர்நாய் அகப்பட்டுவிட்டதாம். நாளை வெள்ளி, அச்சகம் விடுமுறை. தூக்கம் வராது போலிருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

கழிமுகத்து மணலில் ஒரு கூண்டு. உள்ளே அது. ஒரு கணம் நிற்கவில்லை. கையை ஊன்றும், எடுக்கும், கம்பியைக் கடிக்கும். ஏழெட்டுத் தாள் பாழாயிற்று. பிறகு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்று என்னைப் பார்த்தது. பார்த்ததா, அளந்ததா? அதை எழுதினேன்.

குப்பம்மா பக்கத்தில் வந்து குந்தினாள். “ஆங். இதான் உசுரு. அச்சானதும் எனக்குக் காட்டணும் நைனா.”

அவள் புருஷன் தண்டபாணி துடுப்போடு நின்றுகொண்டிருந்தார். “ஆச்சா சாமி? நேரமாவுது.” விட்டுவிடுங்கள் என்று கேட்கலாமா? கிழிந்த வலை மணலில் கிடந்தது. அந்த வலைதான் அவர் வீட்டுச் சோறு. நான் எந்த வாயால் கேட்பது? ஆச்சு என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ரயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

பிப்ரவரி 10

கல்லில் ஏற்றி முதல் புரூப் எடுத்தோம். அச்சு இழுக்கும் பரசுராமன் தாளைத் தூக்கிவிட்டு, “யோவ், இது கடிக்கும்யா!” என்றார். இருபத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

பிப்ரவரி 13

சாயபு பன்னிரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பதினொன்றைத் தாண்டி வந்தவர் நின்றுவிட்டார்.

“இது இன்னா இப்டி முறைக்குது? மத்ததெல்லாம் மருவாதியா நிக்குது. புள்ளைங்க பயப்படும். அதுங்கள மாதிரியே ஆக்கிடு.”

ஏன், என்னா தப்பு, உசுரோட இருந்தா அப்டித்தான் பாக்கும் — இதெல்லாம் தெருவுக்கு வந்தபிறகு சொன்னேன். அவர் எதிரில் தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 14

தூக்கிய கையைப் புல் எழுதி மறைத்தேன். கண்ணில் விட்டிருந்த வெள்ளைப் புள்ளியைக் கழுவி, மை வைத்து மூடினேன். ஒரு நிமிஷ வேலை. தண்டபாணிக்குக்கூடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகியிருக்கும்.

பழைய புரூப்பைத் தேடினேன். பரசுராமன் அதில் உருளை மையைத் துடைத்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கழித்த புரூப் துடைப்பதற்குத்தானே?

பிப்ரவரி 20

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. சாயபு பிரியாணி போட்டார். அடுத்தது பறவைகள், அதுவும் அந்தத் துரையின் கட்டுதானாம். வேலை இருக்கிறது. ஸ்டூலும் இருக்கிறது. அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 1

படங்கள் ஊரெல்லாம் போய்விட்டன. எனக்கு ஒரு செட் கொடுத்தார்கள். சுருட்டிப் பரணில் போட்டேன்.

காலையில் குப்பம்மா கேட்டாள், “இன்னா நைனா, நம்ம நீர்நாய் வந்துச்சா?”

“இன்னும் அச்சாவல” என்றேன்.

“ஆவட்டும், ஆவட்டும். நான் எங்க பூடப் போறேன்?”

அவள் தெருமுனை திரும்பியதும், இனி வேறு கூடைக்காரியிடம் மீன் வாங்கும்படி நீலாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

கொஞ்ச நாளாக அவள் மீன் சரியில்லை என்றேன்.