ஆறாம் கொட்டகைக்குப் பின்னால்

4 நவம்பர், செவ்வாய்

காலையில் வெயில். நேற்றைய மழையில் வீட்டுப் பின்புறம் இன்னும் சேறு.

டிராக்டரில் ஹைட்ராலிக் டாப் லிங்க் மாட்டி முடிந்தது. மெங்லெம்பு பட்டறையில் இரண்டு நாள் இழுத்தடித்தார்கள். டிராக்டரையும் பின்பெட்டியையும் மேலே இணைக்கும் தண்டு அது; பழையது கையால் திருகுவது. பின்னால் இருக்கும், தரை மட்டம் செய்யும் பெட்டி பிளேடு மண்ணை ஆழமாகக் கடிக்க வேண்டுமென்றால் இறங்கு, திருகு, ஏறு. மண்ணைப் பரப்ப வேண்டுமென்றால் மறுபடி இறங்கு, எதிர்ப்பக்கம் திருகு, ஏறு. ஒரு நாளைக்கு முப்பது தடவை. தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்றே தேய்ந்த முழங்கால். மிச்சத்தை அந்தத் திருகு தின்றது.

இப்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நெம்புகோல். இழுத்தால் லிங்க் குறுகும், பெட்டி முன்னால் குனியும், பற்கள் மண்ணைக் கிழிக்கும். தள்ளினால் லிங்க் நீளும், பெட்டி பின்னால் சாயும், மண் பரவி உட்காரும். ஒரு விரல் போதும்.

வசந்தா துணி காயப்போட்டபடியே பார்த்தாள். "இந்த ஒரு குழாய்க்கா ரெண்டு நாளு வேலைக்குப் போகாம கெடந்தீங்க?" என்றாள். சொன்னால் புரியாது.

மா. 5: கன்னியப்பன் போன். எஸ்டேட் நாலாம் டிவிஷன் தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவன். பந்து விளையாட்டில் எங்கள் கோல்கீப்பர். இப்போது முதலாளிமாருக்கு ஆள் பிடித்து வேலை முடித்துக் கொடுக்கிறான். அதே நாலாம் டிவிஷனில் ரப்பர் போன பிறகு ஒரு கோழிப்பண்ணை வந்ததே, அதை மூடிவிட்டார்களாம். கொட்டகைகளைப் பிரித்தாகிவிட்டது. தரையைச் சுரண்டி மட்டம் செய்ய வேண்டும். பிறகு துரியான் கன்று நடப் போகிறார்கள்.

"மூணு நாள் கெர்ஜா, மச்சான், சின்ன வேல. உன் புது சாமானுக்கு அது சோறு சாப்புடற மாதிரி."

"நாறுமே."

"கோழியே இல்லாத பண்ணை எப்படிலா நாறும்?"

5, புதன்

நாறுகிறது.

மேலே தார் மாதிரி காய்ந்த எச்சம். ஒரு சாண் கனம். லிங்கை முழுக்கக் குறுக்கி, பற்களை இறக்கி இழுத்தால் ஓடு ஓடாக உடைகிறது. அடியில் பச்சைக் கூழ். அதன் ஆவி கண்ணில் ஏறுகிறது. மூக்கில் துணி கட்டினேன். துணியும் நாறத் தொடங்கியது. கழற்றிவிட்டேன்.

இன்று பெட்டியில் வந்தவை: தண்ணீர் குடிக்கும் கிண்ணங்கள், கம்பி வலை, ஒற்றைச் சிலிப்பர், எலி (செத்தது), எலி (உயிரோடு), மருந்துப் புட்டிகள், ஒரு பல் செட்டு. பல் செட்டு யாருடையது என்று க. கேட்டான். உன்னுடையதாக இருக்கும் என்றேன். சிரித்தான்.

கா. 7.30 பசியாறியது சந்தியில், புஷ்பம் அக்கா கடையில். தகரக் கூரை, நாலு மேசை. பண்ணையிலிருந்து சரிவில் இறங்கினால் கூப்பிடு தூரம். இட்லி பஞ்சு மாதிரி. தேங்காய்ச் சட்னி இரண்டு தடவை வாங்கினேன். இன்றைய நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். கன்னியப்பன் காடியை ஓரமாக நிறுத்தினான், இறங்கவில்லை. ஈப்போவிலிருந்து ரொட்டி வாங்கி வந்திருந்தான். வயிறு சரியில்லையாம்.

மட்டம் வரவில்லை. பட்டறைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான். பெட்டியில் பாரம் ஏறினால் லிங்க் தானாகக் குறுகுகிறது. பெட்டி குனிந்து குனிந்து ஆழமாகக் கடிக்கிறது. நான் நீட்டுகிறேன், அது குறுகுகிறது. தரை முழுக்கத் துணி தோய்க்கும் பலகை மாதிரி அலை. சிலிண்டரைப் பூட்டிப் பிடிக்கும் வால்வு ஒன்று வேண்டும். போடவில்லை. போனில் கேட்டால், "அது எதுக்குண்ணே, சும்மா ஓடும்" என்கிறான். சும்மா ஓடத்தான் போகிறேன், அவனைத் துரத்திக்கொண்டு.

க. சொன்னது: தண்ணீர் முன்வாசல் கேட் பக்கம் வரக்கூடாது. பின்பக்கமாகச் சரித்துவிட வேண்டும். சரி.

வசந்தா என்னை வீட்டுக்குள் விடவில்லை. பின்பக்கக் குழாயில் குளியல். என் துணி மிஷினில் விழக்கூடாதாம். தனி வாளி.

6, வியாழன்

காலையிலேயே பட்டறை. நின்று வால்வு போட வைத்தேன். இப்போது லிங்க் விட்ட இடத்தில் நிற்கிறது. ஐந்து கொட்டகைத் தரையும் மேசை மாதிரி. பின்பக்கம் அழகான சரிவு. எனக்கே பிடித்திருந்தது. இறங்கி நின்று பார்த்தேன்.

ம. 2: ஆறாம் கொட்டகைக்குப் பின்னால் தரை மெத்தென்று இருந்தது. டிராக்டரின் பின்சக்கரம் அமுங்கியது. பற்கள் இறங்கி இருந்தன. திரும்பிப் பார்த்தால் பெட்டிக்குள் வெள்ளை. முதலில் பஞ்சு என்று நினைத்தேன்.

கோழிகள். எலும்பு மட்டும் என்றால் பரவாயில்லை. பாதி கரைந்தும் கரையாமலும், இறக்கையோடு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, சோப்பு மாதிரி. இழுத்த இடமெல்லாம் கறுப்புத் தண்ணீர் ஊறியது. புழு. இதற்கு மேல் எழுத மாட்டேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

கன்னியப்பன் ஓடி வந்தான். ஆச்சரியப்படவில்லை. அதைக் கவனித்தேன்.

"அது பழசுலா மச்சான். நோயி வந்து செத்தது. அப்பவே பொதைச்சாச்சி. மண்ணப் போட்டு மூடிரு."

"எவ்வளவு ஆழத்துல பொதைச்சீங்க? பல்லுலயே மாட்டுது."

"நானா வெட்டுனேன்? மெஷின்காரன் வெட்டுனான். சுசா பண்ணாத, தொந்தரவு வேணாம். மொதலாளி சனிக்கெழமை வேல முடிஞ்ச படம் கேக்குறாரு."

மூடினேன்.

இருபது நிமிடம். லிங்கை நீட்டினேன், பெட்டி பின்னால் சாய்ந்தது, மேட்டு மண்ணைக் கொண்டுவந்து பரப்பினேன், இரண்டு தடவை மேலே ஓட்டினேன். இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. பழைய திருகாக இருந்தால் பத்துத் தடவை இறங்கியிருப்பேன். அந்தக் கறுப்புத் தண்ணீரில் பத்துத் தடவை கால் வைத்திருப்பேன். ஒருவேளை மூடியிருக்க மாட்டேன். தெரியாது. மூடியது மூடியதுதான்.

7, வெள்ளி

போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

கை நாறுகிறது. கையில் தேய்த்தவை: சவுக்காரம், எலுமிச்சை, புளி, பாத்திரம் கழுவும் திரவம், மண்ணெண்ணெய். இப்போது மண்ணெண்ணெயோடு சேர்ந்து நாறுகிறது. வசந்தா முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் இல்லையே" என்கிறாள்.

பருப்பும் ரசமும் வைத்தாள். பிசைந்தேன். விரலுக்கு நடுவில் வெள்ளையாகச் சோறு. கை கழுவி எழுந்துவிட்டேன்.

மழை மூன்றிலிருந்து ஆறு வரை.

8, சனி

கடைசி வேலை. சந்தியில் கா. 7.15. பசித்தது, இரண்டு நாளுக்குப் பிறகு. நாலு இட்லி வாங்கி உட்கார்ந்தேன். சட்னியில் ஏதோ வாடை. என் கைதான் என்று நினைத்து இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு இட்லி தின்றேன்.

பு. அக்கா பக்கத்து மேசையைத் துடைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் போன பிறகு இந்தக் கடைதான்.

"என்ன தம்பி, சட்னி சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"பொய் சொல்லாத. எனக்கே தெரியுது. கெணத்துத் தண்ணி கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு. நேத்து மழைக்கு ரொம்ப மோசம். மேல எண்ணெ மாதிரி மெதக்குது."

"எந்தக் கெணறு?"

"பின்னால இருக்கே, எஸ்டேட் காலத்துக் கெணறு. அதுலதான் மாவு அரைப்பேன். குழாய்த் தண்ணியில மருந்து வாடை, மாவு பொங்காது."

கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் நின்று நிமிர்ந்தால் நேர் மேலே பண்ணை. ஆறாம் கொட்டகையின் பின்புறம். நான் சரித்த சரிவு. வெள்ளிக்கிழமை மழை முழுவதும் அதில் வழிந்து இறங்கிய தடம், வகிடு எடுத்த மாதிரி, கிணறு வரைக்கும்.

எட்டிப் பார்த்தேன். நிறம் சொல்ல வரவில்லை. தின்ற இரண்டு இட்லியும் அங்கேயே வந்துவிட்டன. புதன் தின்றது, சட்னி இரண்டு தடவை வாங்கியது, எல்லாம் நினைவு வந்தது. சீ.

அதன் பிறகுதான் அவனை நினைத்தேன். மேலே போனேன். காடியில் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் அக்கா கடையில சாப்புடறது இல்ல?"

"வயிறு சரியில்லலா."

"எத்தன நாளா?"

மென்றுகொண்டே இருந்தான். ரொட்டியைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தான்.

"மச்சான், நான் சொல்லியிருந்தா அக்கா கடைய மூடணும். அவங்களுக்கு வேற என்ன இருக்கு? கொஞ்ச நாள்ல மண்ணுல எல்லாம் சரியாயிரும்னு மொதலாளி சொன்னாரு."

"அவங்க அத குடிக்கிறாங்கடா."

"கொதிக்க வச்சிதானே குடிக்கிறாங்க."

தெரிந்தே இருந்திருக்கிறான். சின்ன வயதில் எங்களுக்காகப் பந்து முன்னால் விழுந்தவன். முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு வந்துவிட்டேன். டிராக்டர் அங்கேயே.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையைத் தாண்டித்தான் வந்தேன். கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கன்னியப்பனுக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம்.

9, ஞாயிறு

தூறல். கா. 8.30க்கு வசந்தாவிடம் எல்லாம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக்கா எத்தன மணிக்குக் கடைய தொறப்பாங்க?"

"ஆறு மணிக்கு."

"அப்ப ரெண்டரை மணி நேரமா ஆளுங்க சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க."

சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் ஏழெட்டுப் பேர். ஒரு குடும்பம் பிள்ளைகளோடு. அக்காவை அடுப்புப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இட்லிக் கொப்பரையின் தீயை அணைத்தார். முன்னால் போய், "சட்னி கெட்டுருச்சி. யாரும் சாப்புடாதீங்க, எழுந்திரிங்க. காசு வேணாம்" என்றார். ஒரு பிள்ளையின் கையிலிருந்த இட்லியை அவரே வாங்கிக் கீழே போட்டார்.

கடை காலியானதும் என்னிடம் வந்தார்.

"யாரு பொதைச்சது?"

"கன்னியப்பன், ஆள் வச்சி."

"திரும்ப மூடுனது?"

"நான்."

"அப்ப நீயே தொற."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கன்னியப்பனுக்குப் போன் போட்டார். வந்தான். அவனுக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தார். நாலு இட்லி, நிறையச் சட்னி. "சாப்புடுய்யா" என்றார். குரலில் கோபமே இல்லை. எதிரில் உட்கார்ந்து கொண்டார். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கை மேசையிலிருந்து எழவில்லை. சட்னி தண்ணீர் விட்டுப் பிரிந்தது. அவன் கண்ணிலிருந்து ஒழுகியது, துடைக்கவில்லை. அக்கா தட்டை எடுத்துப் போய்க் குப்பையில் கொட்டினார். மாவு வாளிகள் மூன்றையும் கொட்டினார். அவன் எழுந்து போனது கூட எனக்குத் தெரியவில்லை. மாவு வாய்க்காலில் வெள்ளையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10, திங்கள்

மழை இல்லை. முகமூடி இரண்டு, ரப்பர் பூட்ஸ், சுண்ணாம்பு நாலு மூட்டை, வசந்தா கொடுத்த தைலம். தைலத்தால் ஒரு பயனும் இல்லை.

முதலில் சரிவை மாற்றினேன். கிணற்றுப் பக்கம் போகும் தண்ணீரை மறிக்க ஒரு வரப்பு, அதற்கு மேல் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்காக, பெட்டியைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகளில் ஒன்றை இறக்கிக் கட்ட வேண்டும். அதற்கு இறங்கத்தான் வேண்டும். இறங்கினேன்.

பிறகு லிங்கை முழுக்கக் குறுக்கி, பற்கள் எல்லாவற்றையும் இறக்கி, குழியின் மேல் இழுத்தேன். இருபது நிமிடத்தில் மூடியதைத் திறக்க மூன்று மணி நேரம். நான்தானே அமுக்கி வைத்தேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, தூரமாகப் போய் நின்று மூச்சு வாங்கினேன். காகங்கள் வந்துவிட்டன. ஈ மொய்த்து இருக்கை கறுப்பாக இருந்தது.

அக்கா கூப்பிட்டிருந்த சுகாதார ஆபீஸ்காரர்கள் இருவர் ம. 1க்கு வந்தார்கள். ஒருவர் குழியைப் பார்த்ததும் திரும்பிப் போய்க் காடியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர் படம் எடுத்தார், கிணற்றுத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்தார். யார் திறக்கச் சொன்னது என்று மலாயில் கேட்டார். நான் மூடினேன், நான் திறந்தேன் என்றேன். என் பெயரையும் ஐ.சி. அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டார். எழுதட்டும். சுண்ணாம்பு போடச் சொன்னார். முழுவதையும் முதலாளியே அள்ளி அப்புறப்படுத்த வேண்டுமாம். கிணற்றுக்கு மூடி போட்டுச் சிவப்பு நாடா கட்டினார்கள்.

அக்கா பாரிட் புந்தாரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். முதலில் ரத்தம் பார்க்க வேண்டுமாம். "நீயும் போயி பாத்துரு தம்பி" என்றார். நான் தின்றதை அவர் மறக்கவில்லை.

க. வரவில்லை. போன் அடைத்திருந்தது.

11, செவ்வாய்

வெயில். கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். முடிவு வெள்ளிக்கிழமை.

பெட்டியை வீட்டுக்குப் பின்னால் கழுவினேன். பற்களின் இடுக்கில் இறகு. குச்சியால் நோண்டினேன், தண்ணீர் பீய்ச்சினேன், மறுபடி நோண்டினேன். லிங்க் சிலிண்டரில் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. அருமையான சாமான். பார்த்தாலே குமட்டுகிறது.

முதலாளி போன் செய்தார். முதல் தடவை. குரல் தேன் மாதிரி. தவறு நடந்துவிட்டதாம், கிணறு ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்று ஆபீஸ்காரர்களிடம் நான் சொன்னால் நல்லதாம். பாதியில் வைத்துவிட்டேன். காதைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ம. 12: கன்னியப்பன் போன். எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன். வணக்கம், கிணக்கம் எதுவும் இல்லை.

"மச்சான், இன்னொரு குழி இருக்கு."

எங்கே என்றேன்.

"ரெண்டாவது கொட்டகைக்கு அடியில. நீ மட்டம் பண்ணுன எடம்தான். அது இதவிட பெரிசு."

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். முதலாளிக்கும் தனக்கும் மட்டும்தான் என்றான். வந்து இடத்தைக் காட்டு, ஆபீஸ்காரர்களையும் வரச் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"வாரேன்" என்றான்.

வசந்தாவிடம் சொல்லிவிட்டு டிராக்டரை எடுக்கிறேன். பூட்ஸ் இன்னும் காயவில்லை.